அடைப்புக்குறிக்குள் ரூஹி

பூபாலனுக்கு நிறம் என்றால் புடவைதான். சிவப்பு, பச்சை, நீலம் என்று மனுஷன் ஒரு நாளும் சொல்லமாட்டார். அரக்கு, ராமர் பச்சை, மயில் கழுத்து, வெங்காயத் தோல், மாம்பழ மஞ்சள் என்றுதான் வாயில் வரும். இருபது வருஷம் அம்பத்தூர் ஓ.டி.யில் ஜவுளிக்கடை நடத்தி, அது படுத்ததும் கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு, யாரோ ஏதோ சொன்னார்கள் என்று வீடியோ கேம் கம்பெனி ஆரம்பித்தவர். எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஆபீஸ். கீழே மெஷின் ஓடினால் மேலே டீ கிளாஸ் நடுங்கும்.

"ம்மா ரூஹி, இந்த லைன்ல 'ஏரிக்கரை'ன்றது மட்டும் மயில் கழுத்துல வரட்டும். 'நிறுத்துங்க'ன்றது அரக்கு. மிச்சமெல்லாம் மாம்பழ மஞ்சள். பாக்கறவன் கண்ணு அப்படியே நிக்கணும்."

கண் நிற்காது, அவிந்துபோகும் என்று ரூஹி சொல்லவில்லை. "சரி சார்" என்றாள். பூந்தமல்லியிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்து, எட்டு வருஷமாக இந்தத் தொழிலில் மூன்று கம்பெனி பார்த்தவள் அவள். முதலாளிகளிடம் வாதாடுவதற்குப் பதில் வீட்டுச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்பது அவளுடைய தீர்மானம்.

கேமின் பெயர் 'வண்டி ஏறு'. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்ட வேண்டும். ஏறுகிற பயணிகள் பேசுவது ஒரு கட்டத்துக்குள் எழுத்தாக வரும். அந்த எழுத்தைத் திரையில் வரைவது ரூஹியின் வேலை. கேட்டால் சின்ன வேலை மாதிரித்தான் இருக்கும். ஒரு வரியை எழுதச் சொன்னால் கணினி ஒரே நிறத்தில் எழுதிவிட்டுச் சும்மா நிற்கும், அதற்கு அவ்வளவுதான் புத்தி. ஒரே வரியில் மூன்று நிறம் வேண்டுமென்றால் வரியைத் துண்டு போட வேண்டும். முதல் துண்டை எழுதி, அதன் அகலத்தை அளந்து, அது முடிகிற இடத்திலிருந்து அடுத்த துண்டை அடுத்த நிறத்தில் எழுத வேண்டும். கட்டம் நிரம்பினால் வார்த்தை உடையாமல் கீழே மடக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொரு எழுத்தாக வெட்டிப் பார்த்தாள், கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகத் தமிழ் சிதறி விழுந்தது. நாலு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டு சரி செய்தாள்.

வசனம் இருக்கிற கோப்பில் ஒரு வார்த்தைக்கு முன்னால் அடைப்புக்குறி போட்டு, உள்ளே 'அரக்கு' என்று எழுதினால், அங்கிருந்து அரக்கு நிறம் வரும். இதில் ஒரு தொல்லை. பூபாலன் நாளுக்கொரு நிறம் கண்டுபிடிப்பார். ஒரு நாள் 'தம்பதி பச்சை' என்று கேட்டார். அப்படி ஒரு பச்சை உலகத்திலேயே கிடையாது. ரூஹி யோசித்தாள். அடைப்புக்குறிக்குள் இருப்பது தன் பட்டியலில் உள்ள நிறமாக இருந்தால் பூசு, இல்லாவிட்டால் அதை அப்படியே முழுங்கிவிடு, திரையில் எதுவும் காட்டாதே என்று எழுதிவைத்தாள். அன்று சாயங்காலம் பூபாலன் வந்து திரையைப் பார்த்தார். நிறம் துளிகூட மாறியிருக்கவில்லை.

"ஆங், இதான்மா. இந்தப் பச்சையத்தான் கேட்டேன்" என்றார்.

அன்றைக்குத்தான் ரூஹிக்கு அந்த ஓட்டை கண்ணில் பட்டது. அடைப்புக்குறிக்குள் என்ன எழுதினாலும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது, வசனம் கைக்கு வந்த பிறகு அந்தக் கோப்பைத் திறப்பவளும் அவள் ஒருத்திதான். விரல் அரித்தது. வசனத்துக்குப் பின்னால் ஒரு அடைப்புக்குறி போட்டு, 'இது கேமா, முந்தானையா' என்று தட்டினாள். கேமை ஓட்டிப் பார்த்தாள், சுத்தமாக ஒன்றுமே தெரியவில்லை. மனசுக்குள் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் எட்டு மாதம் அவளுக்கு அதுதான் சம்பளத்துக்கு மேல் சம்பளம். முதலாளி ஏதாவது உளறினால் ஒரு அடைப்புக்குறி. முதலாளியின் மச்சான் டில்லிபாபு உள்ளே வந்தால் இரண்டு அடைப்புக்குறி. டில்லிபாபுவுக்கு 'கிரியேட்டிவ் ஹெட்' என்று கதவில் பலகை இருந்தது. பதினொரு மணிக்கு வருவான், சமோசா வரவழைப்பான், "கலர் கலரா வரட்டும் சிஸ்டர், மாஸா இருக்கணும்" என்பான், போய்விடுவான். அவனுக்காக ஏ.சி. ஓடுவதே தண்டம் என்று ரூஹி நினைத்தாள். நினைத்ததை எழுதியும் வைத்தாள்.

வசனம் எழுதுகிறவர் அழகேசன். ஐம்பது வயது, திருமுல்லைவாயல். சீரியலுக்கு வசனம் எழுதியவர் என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்திருந்தார். எந்தச் சீரியல் என்று பூபாலன் கேட்கவில்லை, சம்பளம் குறைவாகக் கேட்டார் என்பதே போதுமாக இருந்தது. அவர் எழுதும் ஷேர் ஆட்டோ பயணிகள் யாரும் மனிதர்களைப் போலப் பேசமாட்டார்கள். 'அன்பார்ந்த ஓட்டுநரே, அயனம்பாக்கம் ஏரிக்கரை அருகே வண்டியை நிறுத்துமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்' என்பார்கள். எந்த ஊரில் எவன் ஆட்டோவில் இப்படிக் கேட்பான்? படிக்கும்போதெல்லாம் ரூஹிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அந்த ஆபீஸில் அவளிடம் மனுஷனாகப் பேசியது அவர் ஒருத்தர்தான். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தால் கேட்காமலே டீ வாங்கி வந்து வைப்பார். ஒரு நாள் கீழே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உன்னாண்ட சொல்றதுக்கு இன்னாம்மா. சீரியலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆட்டோல மைக்கு கட்டிகினு ஊர் ஊரா போயி கட்டில், பீரோ தள்ளுபடின்னு கூவிகினு இருந்தேன். பதினஞ்சு வருசம். அப்பால ரெக்கார்டு பண்ணி போட ஆரம்பிச்சிட்டானுங்க, ஆளு தேவப்படல. அதான் இங்க பொய் சொல்லி சேந்துட்டேன். வெளிய சொல்லிடாத."

"நான் ஏண்ணே சொல்லப்போறேன்" என்றாள் ரூஹி.

சொல்லவில்லைதான். மேலே ஏறி வந்து, அவர் அன்று காலையில் எழுதியிருந்த வசனத்தைத் திறந்தாள். சென்னீர்குப்பம் சந்திப்பில் இறக்கிவிடுமாறு ஒரு பெரியவர் பணிவன்புடன் மூன்று வரிக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பின்னால் ஒரு அடைப்புக்குறி போட்டு அவள் தட்டினாள்: 'மைக்கு கட்டுன ஆட்டோல ஒக்காந்து கட்டில் பீரோ விக்கறதுக்குத்தான் இந்த ஆளு லாயக்கு.' தட்டி முடித்துவிட்டு, அவர் வாங்கிக் கொடுத்த டீயின் ருசி நாக்கில் இருக்கும்போதே, தானாகச் சிரித்துக்கொண்டாள்.

கேம் முடிகிற கட்டத்துக்கு வந்தது. பெங்களூரிலிருந்து சாவித்திரி என்கிற அம்மாள் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் அவருடைய கம்பெனி கேமை வாங்கி வெளியிடும். பிடிக்காவிட்டால் பூபாலன் மறுபடியும் ஜாக்கெட் பிட் கிழிக்க வேண்டியதுதான். கேமின் கடைசியில் யார் யார் என்ன செய்தார்கள் என்று பெயர்கள் மேலேறும் பக்கம் ஒன்று உண்டு. அதைத் தயார் செய்யும்போதுதான் ரூஹி பார்த்தாள். 'எழுத்து வண்ணம்: டில்லிபாபு' என்று இருந்தது. அவள் பெயர் எங்கும் இல்லை.

நேராகப் பூபாலன் அறைக்குப் போனாள்.

"சார், அது நான் எழுதுனது."

"எழுதுனது நீதான்மா, யாரு இல்லன்னா? ஐடியா அவன் குடுத்தான்ல."

"இன்னா ஐடியா சார்?"

"கலர் கலரா வரட்டும்னு சொன்னான்ல. பேர்ல இன்னா கீது, விடு. வர்ற அம்மா கேட்டாங்கன்னா அப்ப பாத்துக்கலாம்."

எட்டு வருஷத்தில் மூன்று கம்பெனி, ஐந்து கேம். ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது. பூந்தமல்லியில் அவள் அம்மா வஹீதுன்னிசா அக்கம்பக்கத்தில் "என் பொண்ணு கம்ப்யூட்டர்ல டைப் அடிக்குது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ரூஹி முடிவு கட்டிவிட்டாள். சாவித்திரி 'இதை யார் செய்தது' என்று ஒரு வார்த்தை கேட்கட்டும், எழுந்து நின்று 'நான்' என்று சொல்லிவிடுவது. வேலை போனால் போகட்டும், பெயர் வர வேண்டும்.

டில்லிபாபுவுக்கும் அதே கவலைதான், வேறு பக்கத்திலிருந்து. தன் பெயரைப் பார்த்து அந்த அம்மாள் 'எப்படிச் செய்தீர்கள்' என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது? ரூஹி எழுதியதைத் திறந்து பார்த்தான், ஒரு எழவும் புரியவில்லை. இணையத்தில் தேடி, யாரோ எழுதிப் போட்டிருந்த சின்னதாக ஒன்றை எடுத்தான். அதற்கு விளக்கமும் கூடவே இருந்தது, இரண்டு நாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்தான். ரூஹியின் நிறப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தூக்கிவிட்டு அதைச் செருகினான். முதல் பயணி பேசும் வரைக்கும் ஓட்டிப் பார்த்தான், நிறம் நிறமாக வந்தது. அதற்குமேல் பார்க்க அவனுக்குச் சமோசா நேரம் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

இணையத்தில் எடுத்த அந்தச் சரக்குக்கு முழுங்கத் தெரியாது. அடைப்புக்குறிக்குள் நிறத்தின் பெயர் இல்லாவிட்டால், குறியை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதை வசனமாக எழுதிவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குச் சாவித்திரி வந்தார். பூபாலன் கீழே ஓடிப்போய் லேத் மெஷினை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிவிட்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். பெரிய டி.வி.யில் கேம் ஓடியது. டில்லிபாபு புதுச் சட்டையில் பக்கத்தில் நின்றான். ரூஹியும் அழகேசனும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் பயணி ஒழுங்காகப் பேசி இறங்கினார். இரண்டாவது பயணி, கொரட்டூரில் ஏறியவர், "அன்பார்ந்த ஓட்டுநரே, தம்பதி பச்சை, விரைந்து செல்லவும்" என்றார்.

சாவித்திரி நெற்றியைச் சுருக்கினார். ரூஹி நாற்காலியில் நிமிர்ந்தாள். தன்னுடையது இல்லை, எந்த நாயோ மாற்றியிருக்கிறது என்று ஒரே நொடியில் புரிந்தது. அடுத்து என்னென்ன வரப்போகிறது என்பதும் புரிந்தது. எழுந்தாள்.

"சார், ஒரு நிமிசம். இது தப்பான வெர்சன். நிறுத்திட்டு வேற போடறேன்."

"ஒக்காரும்மா" என்றார் பூபாலன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மூன்றாவது பயணி ஏறினார். 'அன்பார்ந்த ஓட்டுநரே, தங்கள் சேவை வாழ்க' என்று ராமர் பச்சையில் சொல்லிவிட்டு, அதே மூச்சில், 'இது கேமா, முந்தானையா. மொதலாளி ஊட்ல பீரோவத் தொறந்து பாத்துட்டு வந்து கலர் சொல்றாரு' என்றார். சாவித்திரி சட்டென்று சிரித்துவிட்டார். நான்காவது பயணி பணிவன்புடன் வணக்கம் தெரிவித்துவிட்டு, அரக்கு நிறத்தில், 'டில்லிபாபு இன்னிக்கு வந்தாரு. ரெண்டு சமோசா, ஒரு டீ, ஒரு ஐடியா. ஐடியாவ மட்டும் வாந்தி எடுத்துட்டுப் போனாரு' என்றார். சாவித்திரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பூபாலனின் முகம் முதலில் கறுத்தது. பிறகு அந்த அம்மாள் சிரிப்பதைப் பார்த்தது. பிறகு அதுவும் சிரித்தது. இருபது வருஷம் கல்லாவில் உட்கார்ந்த முகம், வாடிக்கையாளர் சிரித்தால் தானாகச் சிரித்துவிடும். டில்லிபாபு ஒன்றும் விளங்காமல், மாமா சிரிக்கிறாரே என்று தானும் சிரித்தான்.

சென்னீர்குப்பம் சந்திப்பு வந்தது. பெரியவர் ஏறினார். மூன்று வரி பணிவன்பு மாம்பழ மஞ்சளில் ஓடியது. அதன் பின்னால் அந்த வரி வந்தது. 'மைக்கு கட்டுன ஆட்டோல ஒக்காந்து கட்டில் பீரோ விக்கறதுக்குத்தான் இந்த ஆளு லாயக்கு.'

இதற்குத்தான் எல்லாரும் அதிகமாகச் சிரித்தார்கள். பூபாலன் தொடையில் தட்டிச் சிரித்தார். ரூஹி பக்கத்து நாற்காலியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. 

"பிரமாதம்" என்றார் சாவித்திரி. "மரியாதையா ஆரம்பிச்சு, உடனே மனசுல இருக்கறதக் கக்கிடறாங்க பாருங்க. இத்தனை வருஷத்துல நான் இப்படி ஒண்ணு பார்த்ததில்லை. யார் இத எழுதினது?"

எட்டு வருஷமாக ரூஹி காத்திருந்த கேள்வி. எழுந்து 'நான்' என்று சொன்னால் போதும். ஆனால் அந்த 'நான்' பக்கத்து நாற்காலிக்கும் கேட்கும். அவள் எழவில்லை.

"நம்ம டில்லிபாபுதான் மேடம்" என்றார் பூபாலன். "தன்னத்தானே கலாய்ச்சிக்குவான். அப்படி ஒரு ஆளு."

டில்லிபாபு கூச்சப்படுகிற மாதிரி கையைக் குவித்தான். தன்னை வாந்தி எடுத்தவன் என்று எழுதியதற்குப் பாராட்டு வாங்கிக்கொள்ள அவனுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. ரூஹியின் வாழ்க்கையில் மிச்சமிருந்தது அந்த வசவுதான், அதையும் திருடிக்கொண்டான். அப்போதும் அவள் எழவில்லை.

அழகேசன் எழுந்தார்.

"இல்ல மேடம். இது இந்தப் பொண்ணு எழுதுனது, ரூஹி. கலர் வேலையும் அதுதான்."

பூபாலன் பல்லைக் கடித்தார். "உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"கடைசியா ஒரு ஆளு வந்தாரே சார், மைக்கு ஆட்டோ. அது நான்தான். சீரியலுக்கு எழுதினேன்னு உங்களாண்ட சொன்னது பொய்யி. பீரோ விக்கறதுக்குக் கூவிகினு இருந்தவன் நான். அத இந்த ஆபீஸ்ல ஒரே ஒரு ஆளாண்டதான் சொல்லிகீறேன். அதனால எழுதுனது அதுதான். வேற யாராலும் எழுத முடியாது."

கோபமில்லாமல், கணக்கு ஒப்பிப்பது போலச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. சாவித்திரி ரூஹியைத் திரும்பிப் பார்த்து, "உண்மையா?" என்றார். ரூஹி தலையை ஆட்டினாள்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. சாவித்திரி கேமை எடுத்துக்கொண்டார். இரண்டு நிபந்தனை. வசனம் முழுவதையும் இனி ரூஹி எழுத வேண்டும். இரண்டாவது, திரையில் எழுத்து மட்டும் வந்தால் போதாது, குரலும் வேண்டும், குரல் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வார்த்தையாக நிறம் ஏற வேண்டும். "மைக்குல பேசினவர்தான் கையிலயே இருக்காரே" என்றார். பூபாலன் அழகேசனின் பொய்யை அந்த நிமிஷமே மன்னித்துவிட்டார், குரலுக்கு வேறு ஆள் பிடித்தால் செலவாகுமே. பெயர்ப் பக்கம் மாறியது. 'வசனம், எழுத்து வண்ணம்: ரூஹி' என்று ஏறியது. அழகேசனின் பெயர் வசனத்திலிருந்து இறங்கிக் குரலுக்குப் போனது. டில்லிபாபு 'படைப்பாக்கத் தலைமை' ஆனான், அவனை எந்த மழையும் கரைக்காது.

ரூஹி பூபாலனிடம் போய் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுகிறேன் என்று கேட்டாள்.

"லூசா நீ? அந்தம்மா அதுக்குத்தான் அப்படிச் சிரிச்சாங்க. அத மட்டும் தொடாத. அதுக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கலர் போடு."

குரல் பதிவு செய்ய ஆபீஸின் கோடியில் ஒரு சின்ன அறையை ஒழித்தார்கள். வெளிச்சத்தம் வராமலிருக்க, கடையில் விற்காமல் தங்கிப்போன புடவைகளைக் கொண்டுவந்து நாலு சுவரிலும் தொங்கவிட்டார் பூபாலன். அரக்கு, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள். நடுவில் ஒரு மைக், ஒரு நாற்காலி. வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் முடிந்து ரூஹி கணினியோடு உள்ளே போனபோது அழகேசன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இரண்டு டீ வாங்கி வைத்திருந்தார்.

"அண்ணே" என்றாள். "அது, நான் அன்னிக்கு…"

"டீ ஆறிடப்போவுது. குட்ச்சிட்டு வேலயப் பாரும்மா."

முந்திய பயணிகளின் வசனத்தையெல்லாம் பதிவு செய்து முடித்தார்கள். பிறகு சென்னீர்குப்பம் வந்தது. அழகேசன் மைக்கைச் சற்று இழுத்து வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். கணீரென்று வந்தது. ஒவ்வொரு வார்த்தையும் தனியாக, சுத்தமாக, தெருக்கோடி வரைக்கும் போகிற குரல். எட்டு மாதம் எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு இப்படி ஒரு குரல் இருந்தது ரூஹிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் நினைத்ததும் இல்லை.

அவள் பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, வார்த்தை தொடங்கும் இடத்தையெல்லாம் குறித்தாள். 'மைக்கு' என்று அவர் சொன்னதும் அரக்கு ஏறியது. 'கட்டுன' என்றதும் பச்சை. 'ஆட்டோல' மாம்பழ மஞ்சள். அவள் எழுதியது அவர் குரலில், அவள் கொடுத்த நிறத்தில், ஒவ்வொன்றாக எரிந்தது. பதினைந்தாவது தடவையோ என்னவோ, அவளுக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஓடவிட்டாள்.

அழகேசன் முன்னால் குனிந்து திரையைப் பார்த்தார்.

"கடைசில 'லாயக்கு'ன்ற எடத்துல கொஞ்சம் டல்லா கீதும்மா. நீ எழுதறப்போ எப்படி நெனச்சிகினு எழுதுன? சொல்லு, அதே மாதிரி சொல்லிடறேன்."

மைக் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தொடாமலே ஆறிப்போயிருந்த டீயை ரூஹி எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.